சரியக்காவும் ஐந்து சொல் ஆட்டமும்

பெயின்ட் கிடங்குக்கு மேலே, முதல் மாடியில் இருந்தது அந்தத் திரைச்சீலைப் பட்டறை. உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுவது இரட்டைக் கட்டில் அளவுக்கு ஒரு வெட்டு மேசை. அதற்குப் பின்னால் கத்திரியோடு நிற்கிறவளை எல்லோரும் சரியக்கா என்பார்கள். அப்பா அம்மா வைத்த பெயரைச் சொல்லி யாராவது தேடி வந்தால், "அப்படி யாரும் இங்க இல்லையே" என்றுதான் பதில் வரும்.

எதைக் கேட்டாலும் சரி என்பாள், அதனால் வந்த பெயர். இந்த வெல்வெட்டை இன்றைக்கே வெட்டித் தரணும் என்றால் சரி. எனக்குத் தலைவலி, என் பங்குக்கும் நீங்களே கூட்டிடுங்க என்றால் சரி. அவளுடைய சரியில் பல ரகம் உண்டு. மனசார வருவது ஒன்று, பெருமூச்சோடு வருவது ஒன்று, பல்லைக் கடித்துக்கொண்டு வருவது ஒன்று. கேட்கிறவர்கள் காதில் எல்லாம் ஒன்றாகத்தான் விழுந்தது.

வீட்டிலும் அதே கதைதான். கணவர் பஸ் டிப்போவில் டயர் மாற்றுகிறவர். ஒரே மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டாள். புருஷனும் பெண்சாதியும் குடியிருந்தது நாத்தனார் வீட்டு மாடியில். கணவருக்கு மூத்தவரான அந்த அம்மாள், தன் வீட்டுக்காரர் காலமான பிறகு கீழே தனியாக இருந்தார். மாவு அரைக்க, மருந்து வாங்க, தண்ணீர்த் தொட்டி கழுவ என்று எது வந்தாலும் மாடிப்படிக்குக் கீழே நின்று ஒரு குரல் கொடுப்பார். மேலிருந்து "சரி அண்ணி" என்று பதில் இறங்கும்.

பட்டறைக்குச் சீட்டுக்கட்டைக் கொண்டுவந்தவர் இஸ்திரிக்காரர். முன்பு கப்பல் ஒன்றில் சலவைப் பிரிவில் வேலை பார்த்தவர். கரையேறும்போது கூடக் கொண்டுவந்தது ஒரு முதுகுவலியும் போக்கர் ஆட்டமும். அவர் அவளை அக்கா என்பார், அவள் அவரை அண்ணே என்பாள். யார் மூத்தவர் என்று இருவருமே கேட்டுக்கொண்டதில்லை.

ஆர்டர் குறைந்திருந்த பருவம் அது. மதியம் சாப்பிட்ட பிறகு முதலாளியம்மா கடைக்குப் போய்த் திரும்பும் வரை மெஷின்கள் சும்மாதான் கிடக்கும். இஸ்திரிக்காரர் வெட்டு மேசையில் சீட்டைக் கலைத்துப் போட்டார். தையல்காரி உட்கார்ந்தாள். உடம்பும் பேச்சும் ஒரே மாதிரி இருப்பதால் அவளுக்கு ஊசி என்று பெயர். வீடு வீடாகப் போய்த் திரைச்சீலை மாட்டிவிட்டு வரும் வேன்காரர் உட்கார்ந்தார். நாலாவது ஆள் வேண்டும் என்றார்கள். சரி என்றாள்.

பணம் வைத்து ஆடினால் சீட்டுக்கட்டை அடுப்பில் போட்டுவிடுவேன் என்று ஊசி முதலிலேயே சொல்லிவிட்டாள். அதனால் திரைச்சீலை வளையங்களை வைத்து ஆடினார்கள். பித்தளை வளையம் பெரிய மதிப்பு, பிளாஸ்டிக் வளையம் சின்ன மதிப்பு. வளையம் தீர்ந்து முதலில் வெளியேறுகிறவர் சாயங்காலம் எல்லோருக்கும் டீ போட்டு, கப் கழுவ வேண்டும்.

"ரம்மி மாதிரி இல்ல இது," என்றார் இஸ்திரிக்காரர். "ஆளுக்கு ரெண்டு சீட்டு கையில. அதை யாருக்கும் காட்டக் கூடாது. நடுவுல அஞ்சு சீட்டு எல்லாருக்கும் பொதுவா திறப்போம். முதல்ல மூணு, அப்புறம் ஒண்ணு, கடைசியா ஒண்ணு. கையில இருக்கறதையும் நடுவுல இருக்கறதையும் சேத்து யாருகிட்ட நல்ல ஜோடி, நல்ல வரிசை அமையுதோ அவங்களுக்கு நடுவுல குவிஞ்ச வளையம் எல்லாம். ஒவ்வொரு தடவை சீட்டு திறக்கும்போதும் வளையம் வைக்கலாம், வைக்காமலும் இருக்கலாம். ஆட்டமே அதுலதான் இருக்கு."

கப்பலில் அதற்கெல்லாம் செக், பெட், கால், ரெய்ஸ், ஃபோல்டு என்பார்களாம். ஒரு வாரத்துக்குள் பட்டறை அதற்குச் சொந்தமாகச் சொல் வைத்துக்கொண்டது. வளையம் வைக்காமல் முறையை அடுத்தவருக்குத் தள்ளிவிடுவதற்குத் தட்டு என்று பேர். மேசையில் விரலால் ஒரு தட்டுத் தட்டினால் போதும். ஆனால் அதுவரை யாரும் வைத்திருக்கக் கூடாது. முதல் ஆளாக வளையத்தை நடுவில் போடுவது வை. அவர் போட்ட அளவே நாமும் போட்டு ஆட்டத்தில் நிற்பது சரி. அதற்கு மேல் போட்டு மற்றவர்களை யோசிக்க வைப்பது ஏத்து. வேண்டாம் என்று சீட்டைக் குப்புறப் போட்டு ஒதுங்கிக்கொள்வது கவுத்து.

"சரின்னு ஒண்ணு இருக்காமே," என்று ஊசி சிரித்தாள். "அக்கா, உங்களுக்குன்னே கண்டுபிடிச்ச ஆட்டம்."

அவள் சொன்னது பலித்தது. சரியக்காவுக்கு மற்ற நாலு சொல்லும் வாயில் வரவில்லை. கையில் இரண்டும் மூணும் இருந்தாலும் சரி, நடுவில் திறந்த எதுவும் ஒட்டாமல் போனாலும் சரி. யாராவது வளையத்தை நகர்த்தினால் அவள் கையும் தானாக நகர்ந்தது. அவளுடைய வளையங்கள் மளமளவென்று கரைந்தன. அந்த மாதம் முழுக்க டீ போட்டது அவள்தான். வேன்காரர் அதை வளைய தானம் என்றார்.

ஒரு மதியம் சீட்டு போடும் முன் இஸ்திரிக்காரர் கேட்டார். "அக்கா, போன ஆட்டத்துல உங்க கையில என்ன இருந்துச்சு?"

"நாலும் ஒன்பதும்."

"நடுவுல ஏஸ், ராஜா, ஜாக்கி. அப்புறம் எதுக்குக் கடைசி வரைக்கும் வந்தீங்க?"

அவள் யோசித்தாள். "நீங்க வச்சுட்டீங்களே. வேண்டாம்னு எப்படிச் சொல்றது?"

"நான் வச்சதே நீங்க ஓடட்டும்னுதான்."

மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் அது அவளுக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்துவிட்டது. வேண்டாம் என்று சொன்னால் கேட்டவர் மனசு நோகும் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தாள். வேண்டாம் என்று சொல்லட்டும் என்றே ஒருவர் கேட்கக்கூடும் என்பது அவளுக்குப் புதிதாக இருந்தது.

அதிலிருந்து அவள் கவுத்தக் கற்றுக்கொண்டாள். முதலில் கை கூசியது. யாரோ பரிமாற வரும்போது இலையை மூடுவது போல இருந்தது. போகப் போகக் கூச்சம் விட்டது. பெரும்பாலான கை கவிழ்க்க வேண்டிய கைதான் என்று இஸ்திரிக்காரர் சொன்னது உண்மை என்று தெரிந்தது. கவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருக்கும்போது மற்றவர்களைப் பார்க்க நேரம் கிடைத்தது. நல்ல சீட்டு வந்தால் வேன்காரர் முதுகை நிமிர்த்துவார். ஊசி சீட்டு சரியில்லாதபோதுதான் அதிகம் பேசுவாள். தன் முறை கடைசியாக வரும்போது ஆடுவது லேசு என்பதும் பிடிபட்டது. முன்னால் மூன்று பேர் என்ன செய்தார்கள் என்று பார்த்துவிட்டல்லவா வாயைத் திறக்கிறோம்.

சரி சொல்வதற்கும் கணக்கு உண்டு என்று தெரிந்தது. நடுவில் நிறையக் கிடந்து, கேட்பது கொஞ்சமாக இருந்து, ஒரு சீட்டு வந்தால் கை தேறிவிடும் என்றால் சரி சொல்லலாம். கிடப்பது கொஞ்சம், கேட்பது மலை என்றால் எதற்கு? தட்டுவதும் சோம்பேறித்தனம் இல்லை. ஒன்றும் இல்லாதபோது தட்டினால் அடுத்த சீட்டைச் செலவில்லாமல் பார்க்கலாம். பிரமாதமான கை இருக்கும்போது தட்டினால் எதிராளி தானே வந்து வைப்பான்.

இதில் ஒரு சங்கடம் வந்து சேர்ந்தது. அவள் நல்ல கை வந்தால் மட்டுமே வைக்கிறாள் என்று மற்ற மூவரும் கண்டுகொண்டார்கள். அவள் வளையத்தைத் தொட்டாலே மூன்று பேரும் சீட்டைக் குப்புறப் போட்டார்கள். ராஜா ஜோடி வந்த அன்றைக்கு அவளுக்குக் கிடைத்தது ரெண்டே ரெண்டு பிளாஸ்டிக் வளையம்.

"இப்ப என்னைப் பார்த்து எல்லாரும் பயப்படறீங்க," என்று குறைப்பட்டாள்.

"பயப்படறது நல்லதுதானே," என்றார் இஸ்திரிக்காரர். அதற்கு மேல் விளக்கவில்லை. அவரும் எதிரே உட்கார்ந்து ஆடுகிறவர்தானே.

அவள் அதை வீட்டுக்கு எடுத்துப் போய் யோசித்தாள். மழை பிடித்துக்கொண்ட ஒரு மதியம், அவள் முறை கடைசியாக வந்தது. கையில் ஆறும் ஏழும், அதுவும் வேறு வேறு இனம். இஸ்திரிக்காரர் வைத்ததும் ஊசியும் வேன்காரரும் கவிழ்த்தார்கள். சரியக்கா ஏத்தினாள். இஸ்திரிக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சரி என்றார். நடுவில் ராஜா, எட்டு, மூணு. அவர் தட்டினார், அவள் வைத்தாள். அவர் மறுபடி சரி என்றார். நாலாவது சீட்டாக ஏஸ் விழுந்தது. அவர் தட்டினார். அவள் பித்தளை வளையங்களை ஒரு கைப்பிடி அள்ளி நடுவில் வைத்தாள். வெல்வெட்டில் கத்திரி வைக்கும்போது எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவள் முகம்.

இஸ்திரிக்காரர் நடுவில் கிடந்த சீட்டையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆரம்பத்துலேர்ந்து ஒரே கதை சொல்றீங்க," என்றார் கடைசியில். "ராஜாவோ ஏஸோ உங்க பக்கம்தான் இருக்கு." தன் சீட்டைத் திறந்து காட்டிக் கவிழ்த்தார். ராணி ஜோடி.

"நீங்க என்ன வச்சிருந்தீங்க?" என்று ஊசி கையை நீட்டினாள்.

"காட்டணும்னு சட்டம் இல்லையே," என்று சரியக்கா தன் இரண்டு சீட்டையும் கட்டுக்குள் செருகிவிட்டாள். அன்றைக்கு டீ போட்டது வேன்காரர்.

நாத்தனார் விஷயம் அந்த மழைக்காலம் முடியும்போது வந்தது. அவருடைய மகளுக்கு இரட்டைக் குழந்தைகள். மகளுக்குப் பிரசவ விடுப்பு முடியப் போகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் தம்பியையும் தம்பி பெண்டாட்டியையும் கீழே கூப்பிட்டு அனுப்பினார். மருமகனும் வந்து உட்கார்ந்திருந்தான்.

"குழந்தைங்களைக் காலையில கொண்டுவந்து இங்க விட்டுடுவாங்க," என்றார் நாத்தனார். "எனக்கு முட்டி ஒத்துழைக்காது. ஒண்ணைத் தூக்கினா இன்னொண்ணு அழும். நீதான் இருக்கியே. அந்தத் துணி வெட்டற வேலையை விட்டுட்டு வந்துடு."

சரியக்கா ஒன்றும் சொல்லவில்லை. முன்பென்றால் இந்நேரம் சொல்லியிருப்பாள். இப்போது மற்றவர்கள் பேசட்டும் என்று விட்டாள். மருமகன், ஆள் வைத்துப் பார்த்துக்கொள்வதில் நம்பிக்கை இல்லை என்றான். அவள் கணவர் தரையைப் பார்த்தபடி, "அவளுக்கென்னக்கா, பார்த்துக்குவா," என்றார். எல்லோரும் பேசி முடித்து அவளைப் பார்த்தார்கள்.

"நான் வேலையை விடல அண்ணி. ஞாயித்துக்கிழமையில வேணா வந்து பார்த்துக்கறேன்."

மருமகன் கையிலிருந்த கப்பைக் கீழே வைத்தான். நாத்தனாருக்கு முதலில் காதில் சரியாக விழவில்லை போலிருந்தது. விழுந்த பிறகு முகம் கறுத்தது.

"அப்படியா. அப்ப மாடியைக் காலி பண்ணிக் கொடுத்துடுங்க. என் பொண்ணு வந்து இருக்கட்டும். அவ மேல இருந்தா நான் எப்படியோ சமாளிச்சுக்குவேன்."

சரியக்கா மருமகனைப் பார்த்தாள். அவன் திடுக்கிட்டு மாமியாரைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்கு இது தெரியாது. மகளுடைய வீடு அவள் ஆபீஸுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதை விட்டு யார் வருவார்கள்? போன மாதம்தான் நாத்தனார், நீங்க இருக்கப்போற இடம்தானே என்று மாடிக் குளியலறைக்குப் புதுக் குழாய் போட்டுக் கொடுத்தார். கதை ஆரம்பத்திலிருந்து ஒட்டவில்லை. இது பயமுறுத்தல்தான் என்று அவளுக்குப் பட்டது.

"சரி அண்ணி," என்றாள். "மாசக் கடைசியில காலி பண்றோம்."

மாடிப்படி ஏறும்போது கணவருக்கு மூச்சு வாங்கியது, கோபத்தில்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"இதுவரைக்கும் எனக்காக நீங்க சொன்ன சரியெல்லாம் என்கிட்ட கேட்டா சொன்னீங்க?"

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "அண்ணி அப்படியெல்லாம் அனுப்பமாட்டாங்க," என்றாள் அவள். "பாருங்க, ரெண்டு நாள்ல குரல் கொடுப்பாங்க."

குரல் வந்தது. ஆனால் எதிர்பார்த்த குரல் இல்லை. மாடிக்கு வெள்ளை அடிக்க ஆள் சொல்லியாகிவிட்டது, என்றைக்குச் சாமான் எடுப்பீர்கள் என்று கேட்டார் நாத்தனார். சரியக்கா மாட்டேன் என்றால் மகள் மாடிக்கு வந்துவிடுவது என்று அம்மாவும் மகளும் போனிலேயே பேசி முடித்திருந்தார்களாம். மருமகனிடம் சொல்லத்தான் இருவருக்கும் நேரம் அமையவில்லை. சரியக்கா அவன் முகத்தைச் சரியாகத்தான் படித்திருந்தாள். படிக்க வேண்டிய முகம் அது இல்லை.

மறுநாள் அவள் துணியைத் தப்பாக மடித்து வெட்டப் போய்க் கடைசி நிமிஷத்தில் நிறுத்தினாள். ஊசி பார்த்துவிட்டாள். என்னவென்று கேட்டதும் மொத்தத்தையும் சொன்னாள்.

"நல்லா மாட்டிக்கிட்டீங்க," என்றாள் ஊசி.

இஸ்திரிக்காரர் ஒவ்வொன்றாகக் கேட்டார். யார் முதலில் பேசினார்கள், நாத்தனார் எப்படி உட்கார்ந்திருந்தார், குழாய் போட்டது எப்போது. எல்லாம் கேட்டுவிட்டு, "நானா இருந்தாலும் சரின்னுதான் சொல்லியிருப்பேன்," என்றார். "ஒழுங்கா ஆடியும் தோக்கறது இந்த ஆட்டத்துல சகஜம்."

"அது வளையம் அண்ணே. இது வீடு."

அவர் திரும்பிப் போய் இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்தார்.

மன்னிப்புக் கேட்டு வேலையை விட்டுவிட்டால் மாடி மிஞ்சும் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு ராத்திரி அதைப் புரட்டிப் பார்த்தாள். குழந்தைகள் மேல் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் அந்த மேசைக்குப் பின்னால் நிற்காத ஒரு காலையை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மன்னிப்பெல்லாம் வேண்டாம் என்று விட்டுவிட்டு, வேன்காரரிடம் வீடு தேடச் சொன்னாள். ஊரில் பாதி ஜன்னல் அவருக்குத் தெரியும். ஒரு சைக்கிள் கடைக்குப் பின்னால், ஒரு கூடமும் ஒரு சமையலறையும் உள்ள வீட்டைக் கண்டுபிடித்தார். பட்டறைக்கு நடந்தே போகலாம். கட்டிலைப் போட்டால் பீரோவைத் திறக்க முடியாது. பீரோ வாசலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டது.

சாமான் ஏற்றிய அன்று நாத்தனார் வெளியே வரவில்லை. கணவர் மட்டும் உள்ளே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். புது வீட்டில் கொஞ்ச நாள் அவர் சரியாகப் பேசவில்லை. பிறகு ஒரு நாள் சாப்பிடும்போது, டிப்போவில் ஞாயிற்றுக்கிழமை கூடுதல் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், உனக்கு என்ன தோணுது என்று கேட்டார். அவள் கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு கேள்வி அவளிடம் வந்ததே இல்லை.

"போகாதீங்க," என்றாள். அவர் போகவில்லை.

சில மாதம் கழித்து, ஆர்டர் மறுபடி சூடு பிடித்திருந்த நேரத்தில், நாத்தனார் பட்டறைப் படியைப் பிடித்துப் பிடித்து ஏறி வந்தார். மாடிக்குத் திரைச்சீலை தைக்க வேண்டுமாம். மகள் அனுப்பினாளாம். முதலாளியம்மா நாற்காலி போட்டு, துணி மாதிரிகளை மடியில் பரப்பி, அளவெடுக்க ஆள் அனுப்பட்டுமா என்று கேட்டார்.

"வேண்டாம்," என்று வெட்டு மேசையிலிருந்து பதில் வந்தது. "அளவு எனக்குத் தெரியும்."

நாத்தனார் அவளை அப்போதுதான் நேராகப் பார்த்தார். ஒரு மெல்லிய நீலத் துணியை எடுத்து நீட்டினார். "இது எப்படி இருக்கு?"

"கூடத்துக்கு ஆகாது அண்ணி. சாயங்கால வெயில் நேரா அடிக்கும். ஒரே வருஷத்துல வெளுத்துடும்."

நாத்தனார் துணியை மடியில் போட்டுக்கொண்டு தடவினார். "ரெண்டும் தூங்கறதே இல்ல," என்றார், யாரிடம் என்று இல்லாமல். "ஒண்ணு தூங்கினா இன்னொண்ணு எழுப்பி விட்டுடுது. வாயில கிடைச்சதெல்லாம் போட்டுக்குதுங்க. நேத்து என் கண்ணாடிக் கூட்டைக் கடிச்சு வச்சுடுச்சு."

ஊசி மெஷினை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டினாள். இஸ்திரிக்காரர் துணியில் தண்ணீர் தெளித்தார். சரியக்கா துணியை விரித்து, சுருக்கம் நீவி, அளவுகோலை வைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் வரேன்," என்றாள். "இருட்டறதுக்குள்ள கிளம்பிடுவேன்."

"கிளம்பேன், யார் பிடிச்சு வைக்கப் போறா." நாத்தனார் எழுந்துகொண்டார். படி இறங்குவதற்கு முன் திரும்பி, "அந்தக் கனமான துணியிலேயே வெட்டு," என்றார். "தையல் கூலியை என் மருமகன்கிட்ட வாங்கிக்கோ. அவனுக்கு இதாவது தெரியட்டும்."